தம்பி பேசி முடித்ததும் வந்த பாட்டு

மில்லிக்கன் பக்கம் பெரிய பலசரக்குக் கடை ஒன்று இருக்கிறது. நல்ல கடை, மரக்கறி புதிதாக இருக்கும். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் நான் அங்கே கால் வைப்பதில்லை. கிறிஸ்மஸ் மாதம் என்று கூரையிலிருந்து பழைய அமெரிக்கப் பாட்டுகள் வரும். நத்தார்ப் பாட்டுகளுக்கு நடுவே எப்போதாவது மற்ற வகைப் பாட்டும் வந்துவிடும். வாத்தியக்காரர் ஒரு பெருங்கூட்டமாக இருந்து ஊதுகிற பாட்டு. அது வந்தால் நான் தள்ளுவண்டிலைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்லிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார்கள். மகன் கேட்டால் அந்தக் கடையில் கத்தரிக்காய் முற்றல் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நம்பினானோ தெரியாது.

இவளுக்கு இங்கிலீசுப் பாட்டில் என்ன அலுவல் என்று யாரும் கேட்கலாம். அதைத்தான் எழுதப் போகிறேன். என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். எழுத்து எனக்குச் சுணங்கித்தான் வரும். சுணங்கினாலும் வரும். அவசரப்படுகிறவர்கள் வேறு யாருடையதையாவது எடுத்து வாசிக்கட்டும்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. அம்மா சீக்காளி என்பதால் அவன் வளர்ந்தது என் இடுப்பில். நான் மகனோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவன் வன்னியிலேயே நின்றுவிட்டான். அங்கேதான் காணி செய்தான், அங்கேதான் நான் பார்த்துவைத்த பெண்ணைக் கலியாணமும் முடித்தான். தொண்ணூறுகளில், சண்டை நடந்துகொண்டிருந்த அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பற்றரிகூட உள்ளே போக ஆமி விடாது. கடிதம் எழுதலாம். ஆனால் அவனுடைய கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி, என்னுடைய வாசிப்பு எறும்பு ஊருவது மாதிரி. அதனால் அவன் கசெற்றில் பேசி அனுப்புவான். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். கொழும்புக்குப் போகிற யாருடைய பையிலாவது வைத்துவிட்டால், அது கைமாறிக் கைமாறி எப்படியோ ரொறொன்ரோவுக்கு வந்து சேரும்.

பேசுவதற்குக் கசெற் நான்தான் இங்கிருந்து அனுப்ப வேண்டும். வெறும் கசெற் அனுப்பினால் சோதனைச் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள், எதைப் பதியப் போகிறாய் என்று ஆயிரம் கேள்வி வரும். பாட்டுக் கசெற் என்றால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். அதிலும் வெள்ளைக்காரப் பாட்டு என்றால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். எக்ளிங்ரன் வீதியில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் பெட்டி நிறையப் பாட்டுக் கசெற் கிடந்தது. வயது போய்ச் செத்தவர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. வயதானவர்கள் பொருளைத் துப்புரவாக வைத்திருப்பார்கள் என்பதால் நான் அதற்குள்தான் தேடுவேன். என்ன பாட்டு, யார் பாடினது என்று ஒன்றும் பார்க்கமாட்டேன். ஒரு மட்டையில் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிப் பட்டி கட்டிய மனிதர் ஒருவர் நீட்டுக் குழலோடு நின்றது மட்டும் ஞாபகம். கசெற்றின் மேல் விளிம்பில் இரண்டு ஓட்டை இருக்கும். அதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் பாட்டை அழித்துப் பேச்சைப் பதியலாம். அதெல்லாம் தம்பியின் வேலை.

பற்றரி இல்லாத ஊரில் கசெற் பதிகிற றேடியோவை ஓட்டுவதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். அவன் பேச, மனைவி சுற்றுவாள். கசெற்றைப் போட்டால் முதலில் கேட்பது சைக்கிள் சில்லின் உறுமல்தான். அவளுடைய கை ஓய்ந்த இடங்களில் பதிவும் மந்தமாகிவிடும். இங்கே நான் போட்டுக் கேட்கும்போது அந்த இடங்களில் அவன் குரல் கீச்சிடும்.

"சுத்தடியப்பா! அக்கா அங்க என்னை அணில் எண்டெல்லே நினைக்கப்போறா."

"கை நோகுது. நீங்கள் சுருக்கிக் கதையுங்கோ."

"கேட்டியோ அக்கா? உன்ர மச்சாளின்ர வாயை. எனக்குப் பொம்பிளை பாத்த நேரத்தில உனக்குக் கண் எங்க போனது?"

"அது அவவுக்கு நல்லாத் தெரிஞ்சது. உங்களுக்குத்தான் தெரியேல்லை."

இப்படித்தான் இரண்டு பேரும். கடைசியாக வந்த கசெற்றில் கிணறு வற்றினது, பசு கன்று போட்டது, பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தது எல்லாம் சொல்லிவிட்டு, "சரி அக்கா, பிறகு கதைக்கிறன்" என்பான். 'டக்' என்று ஒரு சத்தம். அந்த 'டக்' அடங்குவதற்குள் ஒரு ஆண் குரல் இங்கிலீசில் பாடத் தொடங்கும். உரத்துப் பாடுகிற குரல் இல்லை. பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, பிள்ளையை எழுப்பிவிடாமல் கதைக்கிற மாதிரிப் பாடும்.

நான் அதை நிற்பாட்டமாட்டேன். நிற்பாட்டினால் தம்பியின் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தினது மாதிரி இருக்கும். அதனால் அவன் பேசி முடித்த பிறகு அந்த மனிதரும் பாடி முடிக்கும் வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் எழும்புவேன். ஒரு சொல் விளங்காது. ஆனால் எங்கே மூச்சு எடுப்பார், எங்கே இழுப்பார் என்று எல்லாம் பாடம். பாட்டே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சண்டை கொஞ்சம் ஓய்ந்தது, அங்கேயும் தொலைபேசி வந்தது, கசெற்றுக்குத் தேவை இல்லாமல் போனது. அந்த ஒன்றை மட்டும் வைத்திருந்தேன்.

ஸ்காபறோவில் முதியோர் இல்லம் ஒன்றின் துணி தோய்க்கிற லோன்ட்றியில் எனக்கு வேலை. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் பிடித்துப் போவேன். போர் முடிந்த அந்த வருடம், பனி இன்னும் கரையாத நேரம், மடித்த பெட்ஷீற்றுகளை வண்டிலில் தள்ளிக்கொண்டு எல்லோரும் கூடுகிற பெரிய ஹோல் பக்கமாகப் போனேன். புதன்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே பழைய பாட்டுகள் போடுவார்கள். வயதானவர்கள் சக்கர நாற்காலிகளில் வட்டமாக இருந்து கேட்பார்கள். நான் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை. எல்லாம் ஊதலும் மேளமும்தானே என்று போய்விடுவேன்.

அன்றைக்கும் ஊதல்தான். குழல்கள் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல ஏறி, ஒரு குழல் மட்டும் தனியே பிரிந்து அலைந்து, திரும்பி வந்து மற்றவற்றோடு சேர்ந்தது. நான் கதவடியைத் தாண்டிவிட்டேன். அப்போது அந்த ஆண் குரல் பாடத் தொடங்கியது.

பெட்ஷீற் வண்டிலை அப்படியே விட்டேன். எனக்கு முதலில் வந்த நினைவு, தம்பி இப்போதுதான் பேசி முடித்திருக்கிறான், நான் கேட்கத் தவறிவிட்டேன் என்பதுதான். திரும்பி ஹோலுக்குள் போய் நின்றேன். அந்தக் கிழமைகளில் வன்னிச் சனம் முழுவதும் ஒரு துண்டுக் கடற்கரைக்குள் நெருக்கப்பட்டிருந்தது. தைப்பொங்கல் முடிந்து ஒருநாள் தம்பி அவசரமாகத் தொலைபேசி எடுத்து "இடம் மாறுறம் அக்கா, பிறகு கதைக்கிறன்" என்று சொன்னதுதான். பிறகு கதைக்கவில்லை.

பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். தொண்ணூறை நெருங்கிய வயது. ஆனாலும் சொண்டுக்குச் சிவப்புப் பூசாமல் அறையை விட்டு வெளியே வரமாட்டார். அந்தப் பாட்டுகள் அவருடையவை. பேரன் பழைய இசைத்தட்டுகளையெல்லாம் சீடியாக்கிக் கொடுத்திருந்தான். முதலில் இருந்து போடச் சொல்லி அவரிடம் கையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டு திரும்பப் போட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பாட்டு பாதியாகும் வரை ஒருவரும் பாடுவதில்லை. அவ்வளவு நேரமும் வாத்தியக்காரர்தான். தம்பி தன் பேச்சைப் பதிந்தது அந்த முதல் பாதியின் மேல். கிணறும் பசுக்கன்றும் பள்ளிக்கூடமும் அணிலும் எல்லாம் அந்தக் குழல்கள் இருந்த இடத்தில்தான். அவன் அதை அழித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஹோலில் குழல்கள் ஏறி இறங்க, அவற்றின் கீழே அவன் பேசிக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், சில்லின் உறுமலும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் அந்த நேரத்துக்கு ஹோலுக்குள் எனக்கு ஏதாவது வேலை இருந்தது. மேற்பார்வைக்காரி பார்த்தும் பாராதது மாதிரி விட்டுவிட்டாள். அந்த அம்மா கதைப்பார். ஆறுதலாகக் கதைப்பதால் எனக்கு முக்கால்வாசி விளங்கும். அவருடைய இளம் வயதில் இந்த நகரத்து ஏரிக்கரையில் ஒரு நடனமண்டபம் இருந்ததாம். அமெரிக்காவிலிருந்து பெரிய வாத்தியக் கூட்டங்கள் ரயிலில் வந்து இறங்குமாம். பாடுகிறவர், ஆணோ பெண்ணோ, மேடையின் ஓரத்தில் ஒரு கதிரையில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். பாட்டில் பாதி போன பிறகு எழும்பி வந்து பாடிவிட்டு, மறுபடி போய் இருந்துவிட வேண்டும். சனம் ஆடத்தான் வந்தது, பாட்டுக் கேட்க வரவில்லை என்றார்.

"பிறகு எங்களுடைய போர், அந்த இரண்டாம் உலகப் போர், முடிகிற நேரத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. சனம் ஆடுவதை நிற்பாட்டிவிட்டுப் பாடுகிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெட்டைகள் கத்துவார்கள், மயங்கி விழுவார்கள். பாடகர்கள் தனியே போய்விட்டார்கள். அந்த வாத்தியக்காரரெல்லாம் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது."

"நீங்களும் மயங்கி விழுந்தனீங்களோ?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன்.

"ஒருதரம். விழுகிற இடம் துப்புரவா என்று பார்த்துத்தான் விழுந்தேன்."

போர் முடிந்த நாளைப் பற்றியும் சொன்னார். ஆட்கள் வேலை செய்கிற கந்தோர் யன்னல்களிலிருந்து கடுதாசியைக் கிழித்துக் கிழித்துக் கொட்டினார்களாம், தண்டவாளத்தில் ஓடுகிற ராம் வண்டிகள் ஓட முடியாமல் நின்றனவாம், தெரியாத ஆட்களோடெல்லாம் தெருவில் ஆடினாராம். நான் எங்கள் ஊரிலும் ஒரு போர் நடக்கிறது, அதுவும் முடியப் போகிறது என்று சொன்னேன். அவருக்குச் சந்தோசம். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்கள் பக்கம் வெல்லுகிறதா?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. நான் பெட்ஷீற்றைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

வைகாசியில் எங்கள் போரும் முடிந்தது. முடிகிற வரை, அந்த அம்மா ஆடிய அதே தெருக்களில்தான் நாங்களும் நின்றோம். போரை நிற்பாட்டச் சொல்லிக் கைகோத்து நின்றோம், கத்தினோம், பெடியள் பெருந்தெருவில் ஏறி வாகனங்களை மறித்தார்கள். யன்னல்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருநாள் எல்லோரும் வீட்டுக்குப் போனோம், அவ்வளவுதான்.

மல்வேர்னில் நான் இருந்த அடுக்குமாடியில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள். சாதாரண நாளில், வீட்டுக் கதவுகளுக்கு நடுவே போகிற அந்த நடையில் சத்தத்துக்குக் குறைவில்லை. தமிழ் வானொலி, சினிமாப் பாட்டு, பிள்ளைகளின் வயலின் வகுப்பு, நாடகத்தில் மாமியார் கத்துவது. வைகாசி முடிய அத்தனையும் நின்றது. செத்தவீட்டில் பாட்டுப் போடக் கூடாது, முப்பத்தோராம் நாள் கழியும் வரை றேடியோவைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரு மாடியில் ஒரு வீடு அப்படி இருந்தால் மற்ற வீடுகள் சத்தத்தைக் குறைக்கும். அந்த முறை எல்லா வீடும் அப்படி. லிஃப்றால் இறங்கி நடந்து வந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

ஆனி பிறந்து சில நாளில் தம்பியின் மனைவி எடுத்தாள். முட்கம்பி முகாமுக்குள்ளிருந்து, யாருடையதோ கைத்தொலைபேசியில்.

"மச்சாள், நான் வந்திட்டன். அவர்..."

"அவன் பின்னால வாறான்," என்றேன்.

"இல்லை மச்சாள், நான் சொல்லுறதை..."

"ஒண்டும் சொல்லாதை. எத்தினை ஆம்பிளையளைப் பிரிச்சு வேற முகாமில வைச்சிருக்கிறாங்கள். அவன் வருவான். நெத்தியில பொட்டு இருக்கோ?"

"இருக்கு."

"அழிக்காதை. நான் சொல்லுறன், அழிக்கக்கூடாது."

"ஓம் மச்சாள்," என்றாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொல்லாத சொல்லுக்கு நான் ஏன் தலை வணங்க வேண்டும்?

சனிக்கிழமை யூனியன்விலிலிருந்து மகன் வந்தான். வந்தவன் கதிரையில் இராமல் நின்றுகொண்டே கதைத்தான்.

"அம்மா, கோயில் ஐயரோட கதைச்சனான்."

"என்னத்துக்கு?"

"மாமாவுக்கு ஒரு... எல்லாரும் செய்யினம் அம்மா. உடம்பு இல்லாட்டிலும் தர்ப்பையில உருவம் கட்டிச் செய்யலாமாம். ஒருத்தரும் தண்ணி வாக்காமல் அவர் அங்க அலைஞ்சுகொண்டு..."

"ஆர் அலையிறது? ஆர் கண்டது? கண்ட ஒருத்தரை என்னட்டைக் கூட்டிக்கொண்டு வா."

"ஆக்கள் துக்கம் விசாரிக்க வரப்போகினம் அம்மா. நீங்கள் என்ன சொல்லுவியள்?"

அவன் சொன்னது சரி. அடுத்த நாளே இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். கையைப் பிடித்துக் குரலை இழுக்கத் தொடங்கினார்கள். இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொருவருக்கும் இப்படி வாய் விட்டுச் சொல்ல என்னால் முடியாது. சொல்லச் சொல்ல அது எனக்கே பொய் மாதிரிப் படத் தொடங்கியது.

புதன்கிழமை அந்த அம்மாவிடம் சீடியை இரவல் கேட்டேன். பேரன் இரண்டு செய்து தந்தவன், ஒன்றைக் கொண்டுபோ என்றார். (இலையுதிர்காலம் வந்தபோது அவருடைய அறையில் வேறு ஒருவர் இருந்தார். சீடி என்னிடமே தங்கிவிட்டது.)

வீட்டுக்கு வந்து போட்டேன். கதவுக்குப் பக்கத்தில் ஸ்ரூலை இழுத்து, அதன் மேல் பெட்டியை வைத்து, நடையெல்லாம் கேட்கிற மாதிரிப் போட்டேன். இது பாட்டுப் போடுகிற வீடு; ஆகவே செத்தவீடு இல்லை. வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் லிஃப்றிலிருந்து இறங்கி, ஊதல் சத்தம் கேட்டு, கதவடி வரை வந்து, திரும்பிப் போவார்கள். கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்த்தால் கோயிலுக்குள் செருப்போடு யாரோ போனதைக் கண்டவர்கள் மாதிரி.

காலையில் எழும்பியதும் போடுவேன். வேலைக்குப் போகும் வரை ஓடும். வந்ததும் போடுவேன். எத்தனையோ பாட்டுகள் அதில். வாத்தியங்கள் பாய்ந்து விழுகிற பாட்டு, பெண் ஒருத்தி ரகசியம் சொல்வது மாதிரிப் பாடுகிற பாட்டு, நாலைந்து பேர் சேர்ந்து பகிடி பண்ணுகிற பாட்டு. ஆனால் நான் காத்திருந்தது அந்த ஒன்றுக்குத்தான். அது வரும்போது என்ன வேலையில் இருந்தாலும் நின்றுவிடுவேன். குழல்கள் ஏறும். கீழே அவன் பேசுவான். சில நாள் கசெற்றில் சொன்னதையே சொன்னான். போகப் போக, கசெற்றில் இல்லாததையும் சொல்லத் தொடங்கினான். தண்ணி விடாய்க்குது அக்கா என்றான். நான் ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. செத்தவர்களுக்குத்தான் அப்படி வைப்பது. எடுத்துக் குடித்துவிட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு மனிசி இருந்தார், தீவுப் பக்கத்து ஆள், என்னைவிடக் கொஞ்சம் இளமை. அவருடைய தமையனின் குடும்பம் முழுவதும் அந்தச் சண்டையில் போய்விட்டது. ஒருநாள் கதவைத் தட்டினார்.

"என்ன அக்கா, டான்ஸ் கிளாஸ் தொடங்கிட்டியளோ?"

"ஏன், நீங்களும் சேரப்போறியளோ?"

"எங்கட வீட்டில செத்தவீட்டுத் தொடக்கு, அக்கா. உங்களுக்குத் தெரியாதே? இந்தக் கட்டடம் முழுக்கத் தொடக்கு. சின்னப் பிள்ளையள்கூட ரீவியைப் போடாமல் இருக்குதுகள். நீங்கள் வயசுக்கு மூத்த மனிசி."

"உங்கட வீட்டில தொடக்கு. எங்கட வீட்டில இல்லை. அதை விளங்கிக்கொண்டு போங்கோ."

அவர் திரும்பித் தன் கதவடிக்குப் போனார். பிறகு, "தம்பி செத்ததுக்குப் பாட்டுப் போட்டுக் கொண்டாடுற ஒரே ஆள் நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக் கதவை அடித்துச் சாத்தினார். நான் பாட்டுச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

ஆடி மாதம் ஒரு காலை. பின்னேர வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. முகாமிலிருந்து அவள்.

"மச்சாள், நான்தான்."

"சொல்லு. அவன்ர சேதி ஏதும் வந்ததோ?"

"அங்க என்ன சத்தம்?" என்றாள்.

"பாட்டு."

"உந்தப் பாட்டு எனக்குத் தெரியும்."

அந்தப் பாட்டுத்தான் அப்போது தொடங்கியிருந்தது. இன்னும் குரல் வரவில்லை, குழல்கள் மட்டும்தான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் அனுப்பின கசெற் தானே மச்சாள். அழிக்க முதல் முழுசா ஒருக்காக் கேப்பம். கேக்கிறதுக்கும் நான்தான் சுத்தவேணும். இந்தப் பாட்டுக்கு அவர் வாசல் முத்தத்தில நிண்டு ஆடுவார். உலக்கையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, வெள்ளைக்காரர் மாதிரி. எனக்குச் சிரிப்பில கை விட்டுப்போகும். சில்லு ஓய, பாட்டு இழுபடும். அவரும் அதுக்கேத்தமாதிரி மெல்ல மெல்ல ஆடுவார். சில்லு நிண்டா ஒற்றைக் காலில அப்பிடியே நிப்பார், நான் திரும்பிச் சுத்தும்வரைக்கும்."

இது எனக்குத் தெரியாது. அவன் ஆடுவான் என்பதே எனக்குத் தெரியாது. என் இடுப்பில் வளர்ந்தவன்.

"மச்சாள், அதை நிப்பாட்டுங்கோ."

"ஏன்?"

"போனமுறை நீங்கள் என்னைச் சொல்ல விடேல்லை. இந்தமுறை சொல்லத்தான் வேணும். நான் கண்டனான் மச்சாள். பங்கருக்கு வெளியில, விடியக்காலமை. நான் பக்கத்திலதான் நிண்டனான். முகத்தில ஒண்டும் இல்லை, நித்திரை மாதிரி. சீலையில பாதியைக் கிழிச்சு மூடினன். மண் நான்தான் தள்ளினன், கையால. பேந்து சனம் இழுத்துக்கொண்டு வந்திட்டுது."

கட்டிக்கொண்டிருந்த சோற்றை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"இஞ்ச எல்லாரும் கேக்கினம், புருசன் எங்கை எண்டு. நெத்தியில பொட்டோட நிண்டுகொண்டு வருவார், வருவார் எண்டு சொல்லுறன். நீங்கள் மூத்தவ, உங்கட சொல்லை நான் மீறேல்லை. ஆனா மண் தள்ளின கை மச்சாள் இது. இந்தக் கையால ஒவ்வொரு விடியவும் எப்பிடிப் பொட்டு வைக்கிறது? எனக்கு அழவேணும். ஒருக்கா என்னை அழவிடுங்கோ."

தொலைபேசியைப் பிடித்தபடி கதவடிக்கு நடந்தேன். வாத்தியக்காரர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் பாட வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் பொத்தானை அமர்த்தினேன்.

"அழு," என்றேன். "நல்லா அழு பிள்ளை."

அவள் தொடங்கினாள். தலையில் அடித்துக்கொண்டு, அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, முகாம் முழுவதும் கேட்கிற மாதிரி. யாரோ பெண்கள் ஓடிவருவதும் அவளைப் பிடிப்பதும் கேட்டது. பிறகு கைத்தொலைபேசியின் சொந்தக்காரப் பிள்ளை வாங்கி, "அம்மா, ஆமிக்குக் கேக்கப்போகுது, நான் வைக்கிறன்" என்றாள். தொடர்பு போனது.

நான் பாட்டுப் போட்டது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அந்தக் கிழமைகளில் அவன் உயிரோடு இருந்தான். வேறு எங்கேயும் இல்லாவிட்டாலும் என் வீட்டில் இருந்தான். ஆனால் அவனுக்கு மண் தள்ளினவள் கேட்கும்போது, அக்கா என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் மறுக்க முடியாது.

கதிரையில் இருந்தேன். வீடு அடங்கிப் போனது. குளிர்ப் பெட்டி உறுமினது கேட்டது. அது நின்ற பிறகு ஒன்றும் இல்லை. நான் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன், சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி. குழலும் இல்லை, சில்லும் இல்லை, அவனும் இல்லை. வாய் திறந்தபடி இருந்தது, அழுகை வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவில் தட்டுக் கேட்டது. திறந்தேன். எதிர்வீட்டு மனிசி, வீட்டில் உடுக்கிற சோட்டியோடு, தலை விரிந்தபடி நின்றார். இவ்வளவு நாளில் வேலை நேரமும் நித்திரை நேரமும் தவிர அந்தப் பாட்டு நின்றதில்லை. இப்போது நின்றுவிட்டது, நான் வெளியே போகவும் இல்லை. அவர் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கும் முன்னமே அவர் அழுதுகொண்டிருந்தார். என் தம்பியை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"அக்கா," என்றார். "அடுப்பு மூட்டாதேங்கோ. தேத்தண்ணியும் சோறும் நான் கொண்டுவாறன். மகனுக்கு நான் போன் பண்ணுறன். நீங்கள் இருங்கோ."

என்னைக் கொண்டுவந்து கதிரையில் இருத்திவிட்டு, ஸ்ரூலையும் பாட்டுப் பெட்டியையும் சுவரோரமாக ஒதுக்கினார். போகும்போது கதவைச் சாத்தாமல் அகலத் திறந்துவிட்டுப் போனார். செத்தவீட்டுக் கதவைச் சாத்துவதில்லை.